எந்த லினக்ஸ் போடலாம்ண்ணே? டைப்பிங் கடைக்கு வந்த கேள்விகள்

மதுரை தல்லாகுளத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள், அவற்றில் மூன்றில் லினக்ஸ். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் போட வரும் காலேஜ் பிள்ளைகள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இது வேற மாதிரி இருக்கு?" என்று ஆரம்பிப்பார்கள். பசை காய்வதற்குள் பத்துக் கேள்வி வந்துவிடும். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான அப்டேட் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் கையை விரித்த பிறகு பிள்ளைகளோடு அவர்கள் அப்பாக்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே.

லினக்ஸ்னா ஒண்ணுதானே? அப்புறம் எதுக்குண்ணே உபுண்டு, மின்ட், ஃபெடோரானு இத்தனை பேரு?

பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் ஒரு கம்பெனியில் வாங்குவார்கள், கரூரில் கொண்டுபோய் பாடி கட்டுவார்கள். சீட் எப்படி, ஜன்னல் எப்படி, ஏசி உண்டா இல்லையா என்பதெல்லாம் பாடி கட்டுகிறவர் பாடு. லினக்ஸ் என்பது அந்தச் சேஸிஸ் மட்டும்தான். கெர்னல் என்பார்கள். 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. அதன்மேல் மற்ற மென்பொருள்களை ஏற்றி, நிறுவுகிற வசதியும் அப்டேட்டும் சேர்த்துக் கொடுப்பது டிஸ்ட்ரோ.

பெயர்கள் எத்தனை இருந்தாலும் குடும்பங்கள் சிலதான். 1993-ல் வந்த டெபியன் தாத்தா. 2004-ல் வந்த உபுண்டு மகன். உபுண்டுவிலிருந்து 2006-ல் பிரிந்தது மின்ட், பேரன். ஃபெடோரா வேறு குடும்பம், ஆர்ச் இன்னொன்று. ஒரே குடும்பத்துக்குள் எதைப் பழகினாலும் மற்றதில் கை தானாகப் போகும்.

சரி, என் லேப்டாப்புக்கு எது நல்லா ஓடும்?

நான் திருப்பிக் கேட்பது: ராம் எவ்வளவு? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? வீட்டில் என்ன பிரின்டர்? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் விழிப்பார்கள். ஆனால் லினக்ஸ் போட்டுவிட்டு ஒரு மாதத்தில் விண்டோஸுக்கே திரும்பிப் போனவர்களில் பாதிப் பேரைத் துரத்தியது பிரின்டர்தான். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முதல்முறை போடுகிறவருக்கு நான் கொடுப்பது லினக்ஸ் மின்ட். 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் இருந்தால் ஏறிவிடும் என்று அவர்களே சொல்கிறார்கள். நிம்மதியாக ஓட 4 ஜிபி வேண்டும். 4 ஜிபி என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சற்றே கனமான சின்னமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, அதுவரை தலைவலி இல்லை. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப்பைத் தூக்கிப்போட இருந்தவர்கள் பலர் இப்போது இதில்தான் ஓட்டுகிறார்கள்.

ஸ்கூல்ல குடுத்த கவர்மென்ட் லேப்டாப் பரண்ல கிடக்குண்ணே. அதுக்கு உசுரு வருமா?

வரும். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவில்லை. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து நம் மொழிகளுக்காகச் செய்தது. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வருமே, அதில் ஒன்று. ஆக, உங்கள் வீட்டில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்திருக்கிறது, யாரும் திறந்துதான் பார்க்கவில்லை.

என் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை 2 ஜிபி ராம். அதில் மின்ட் ஏறும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். பழைய 4 ஜிபி ராம் ஒன்றும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் போட்டுவிட்டால் டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைக்குப் பிடிஎஃப், வீடியோ எல்லாம் பார்க்கலாம். எஸ்எஸ்டி மாற்றுவதில் கிடைக்கும் வேகம் எந்த டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கிடைக்காது. 32 பிட் மட்டுமே ஓடுகிற ரொம்பப் பழைய மெஷின் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற எடை குறைந்த டிஸ்ட்ரோ பாருங்கள். டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்போடு 32 பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவுவதை நிறுத்திவிட்டது.

வாடிப்பட்டி பக்கம் எங்க வீடு. வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. எப்படிண்ணே டவுன்லோடு பண்றது?

மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. ஒரு நாள் டேட்டாவில் முடியாது. டொரன்ட் வழியாக இறக்குங்கள். இன்று பாதி, நாளை பாதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும், கோப்பு சிதைந்ததா என்றும் அதுவே சரிபார்த்துவிடும். அதுவும் வேண்டாமென்றால் பென்டிரைவோடு டவுனுக்கு வரும்போது கடைக்கு வாருங்கள்.

அப்டேட்டுக்கு ஒரு கைவேலை இருக்கிறது. ஒரே வீட்டில் அல்லது ஒரே ஹாஸ்டலில் ஒரே டிஸ்ட்ரோ, ஒரே பதிப்பு இரண்டு மெஷினில் இருந்தால், ஒன்றில் இறக்கிய டெப் கோப்புகளை (மென்பொருள் இந்த வடிவில்தான் வரும்), மென்பொருளை இறக்கி நிறுவுகிற ஆப்ட்டின் கேஷ் ஃபோல்டரிலிருந்து பென்டிரைவில் எடுத்து மற்றதில் போடலாம். இறக்கும்போது ஆப்ட்-கெட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருக்கமான ஆப்ட் கட்டளை நிறுவி முடித்ததும் அந்தக் கோப்புகளை அழித்துவிடும், அப்புறம் ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் அழியாம பக்கத்துலயே லினக்ஸ் போட முடியுமா?

முடியும். முதலில் பென்டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், கேமரா, ஸ்கிரீன் வெளிச்சம் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தால் பின்னால் ஒரு வாரம் மிச்சம். வைஃபை வரவில்லையா, போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். நெட் வந்துவிடும், டிரைவரை அதன் வழியே இறக்கலாம்.

நிறுவ முடிவு செய்துவிட்டால் விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். இதற்கெல்லாம் முன்னால், படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

நகல் எடுத்த பிறகு அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றியும் வையுங்கள். என் சித்தப்பா மகன் லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டபோது வெளி டிஸ்க் மாட்டியே இருந்தது. பட்டியலில் இரண்டு டிஸ்க் காட்டியது, நான் பேச்சு சுவாரசியத்தில் தப்பானதைத் தட்டி அழித்துவிட்டேன். அவன் மகள் காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை இரவு முழுக்க ஓட்டிப் பாதிக்கு மேல் மீட்டேன். கோப்புப் பெயர் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்தது. சித்தி இன்னும் என்னைப் பார்த்தால் அதைத்தான் கேட்கிறார்.

ரெண்டும் போட்டதுக்கு அப்புறம் விண்டோஸ்ல மணி தப்பா காட்டுதே?

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதா? பேட்டரி போகவில்லை, பயப்படாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்ல ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது. ஒருமுறை போட்டால் போதும்.

பிரின்டர் வேலை செய்யுமா? அதைத்தான் பெருசா சொன்னீங்களே.

மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் கேனான் எல்பிபி 2900 ஒன்று கண்ணில் படும். தேய்க்கத் தேய்க்க உழைக்கும், டோனரும் மலிவு. ஆனால் அது பேசுவது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி. லினக்ஸுக்குக் கேனான் ஒரு காலத்தில் டிரைவர் கொடுத்தது, ஆர்வலர்களும் ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஓடும், திடீரென்று நிற்கும், மறுபடி ஓடும். வீட்டில் மாதம் பத்துப் பக்கம் அடிப்பவர் சமாளிக்கலாம். வாசலில் ஆள் நிற்கும் கடையில் முடியாது.

எச்பி லேசர்ஜெட் என்றால் எச்பிஎல்ஐபி என்ற தொகுப்பு பார்த்துக்கொள்ளும். பழைய 1020 மாதிரி சிலவற்றுக்கு அதோடு ஒரு பிளக்-இன்னும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரின்டர் பெயர் காட்டும், தாள் மட்டும் வராது. எப்சன் டேங்க் பிரின்டர்களுக்கும் பிரதருக்கும் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தருகிறது.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்காதீர்கள். விற்கிற அவசரத்தில் ஓடும் என்பார். "ஏர்பிரின்ட் உண்டா?" என்று கேளுங்கள். ஐபோனுக்காகச் செய்த வசதி அது. அது இருந்தால் இன்றைய லினக்ஸில் டிரைவரே இல்லாமல் தாள் வரும்.

தமிழ்ல எப்படி டைப் அடிக்கிறது? நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவண்ணே, பழைய கீபோர்டுதான் வரும்.

உங்களுக்கும் இடம் இருக்கிறது. ஐபஸ் என்ற மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்து நிறுவினால் தமிழ்99, பழைய தட்டச்சு, ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறை எல்லாம் வரிசையாக வரும். மின்ட்டில் இன்புட் மெத்தட் என்று மெனுவிலேயே இருக்கிறது.

ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண கீபோர்டு பட்டியலிலும் தமிழ்99 என்ற பெயர் இருக்கும். அதைப் போட்டால் எழுத்து வரும், புள்ளி தானாக வராது. தமிழ்99-ன் அழகே அதுதான்: க இரண்டு முறை தட்டினால் க்க, ந தட்டி த தட்டினால் ந்த. 1999-ல் தமிழக அரசு இதைத் தரப்படுத்தியதே இந்த விரல் சிக்கனத்துக்காகத்தான் என்பேன். அது வேண்டுமென்றால் எம்17என் வழியாக வருகிற தமிழ்99-ஐத்தான் எடுக்க வேண்டும். கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பை வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓட்டுகிறவர்களுக்கு, ஐபஸ் மாதிரியே உள்ள எஃப்சிட்எக்ஸ்5 சரிப்படும். ஆனால் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது எழுந்திருக்காது.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ, லோகித், முக்தா மலர் எல்லாம் இலவசம். நம்மூர்ப் பெயரிலேயே ஹிந்த் மதுரை என்று ஒன்று உண்டு, கடையின் விலைப்பட்டியல் அதில்தான் அடித்திருக்கிறேன்.

எங்ககிட்ட பத்து வருஷத்துப் பத்திரிகை வேலை பாமினில, வானவில்ல, பேஜ்மேக்கர்ல இருக்கு. அதை என்ன பண்ண?

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது. பாமினி, எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு முறை கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் பாமினி கோப்பை லினக்ஸின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டு, கீபோர்டை ஆங்கிலத்திலேயே வைத்து அடித்தால் லிப்ரேஆபிஸில் அப்படியே வரும். வானவில்லுக்கு அதன் விண்டோஸ் டிரைவரும் வேண்டும், அது இங்கே வராது. அடித்ததை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே பழைய எழுத்துருக்களில் ஆரம்பித்து, டிஸ்கி என்ற குறியீட்டு முறைக்கு வந்து, பிறகுதான் யூனிகோடுக்கு மாறியது. சங்க இலக்கியமே இடம் மாறியிருக்கிறது, நம் முகூர்த்தப் பத்திரிகை மாறாதா?

பேஜ்மேக்கர்தான் கஷ்டம். அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. கோப்பை வேறெதிலும் ஒழுங்காகத் திறக்க முடியாது. பழைய விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) நெட் கொடுக்காமல் வைத்து, தேவைப்படும்போது திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். புதிய வேலைக்குப் பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ் எடுங்கள். 2024-ல் வந்த 1.6-க்குப் பிறகு தமிழ் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கிறது. ஒரே பக்கப் பத்திரிகைக்கு வரைகிற மென்பொருளான இங்க்ஸ்கேப்பே போதும்.

கீழமாசி வீதில பலசரக்குக் கடைங்க. டேலி ஓடுமா?

கணக்கு எழுதும் டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் ஒயினில் ஏற்றிக் காட்டுகிற வீடியோக்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய இருபதாம் தேதி அது நின்றால் வீடியோ போட்டவர் வரமாட்டார். டேலி உள்ள மெஷினை விண்டோஸிலேயே விடுங்கள். அது விண்டோஸ் ப்ரோ என்றால், மற்ற மெஷின்களில் லினக்ஸ் போட்டு, தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையைக் காட்டும் ரெமினா வழியாக அதற்குள் போகலாம். வீட்டு வரவுசெலவு மட்டும்தான் என்றால் க்னூகேஷ் என்ற இலவச மென்பொருள் போதும்.

நான் இன்ஜினியரிங் செகண்ட் இயர். காளி லினக்ஸ் போட்டுத் தாங்கண்ணே.

வாரம் ஒரு தம்பி இதைக் கேட்கிறான். காளி பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான கருவிப் பெட்டி. அன்றாடம் பாட்டு கேட்க, அசைன்மென்ட் எழுத அல்ல, அதைச் செய்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். மின்ட்டோ டெபியனோ போட்டுக்கொண்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் காளியை ஓட்டிப் பழகு. உடைந்தால் அழித்துவிட்டு இன்னொன்று.

பக்கத்து வீட்டு வைஃபையில் கை வைத்தால் அது 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவு. விளையாட்டு என்று சொல்லித் தப்ப முடியாது.

யூடியூப்ல டெஸ்க்டாப் எல்லாம் சும்மா மின்னுது. என்னோடதை அப்படி ஆக்க முடியுமா?

ஆக்கலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மின்னுவது டிஸ்ட்ரோ அல்ல, டெஸ்க்டாப் சூழல். அதே மின்ட்டில் கேடிஇ போடலாம், அதே டெபியனில் குனோமும் எக்ஸ்எஃப்சிஇயும் போடலாம். எதையும் இழுத்து நகர்த்தி மாற்ற வேண்டுமென்றால் கேடிஇ பிளாஸ்மா. விண்டோஸ் பழகிய அப்பாவுக்கு என்றால் சின்னமன், கீழே பட்டை, இடது மூலையில் மெனு, அவர் கேள்வியே கேட்கமாட்டார். குனோம் அழகு, ஆனால் அதன் எக்ஸ்டென்ஷன்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்போது படுத்துவிடும். பாதி எழுந்திருக்கும், பாதிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததை நோட்டில் எழுதுங்கள். ஒரே ராத்திரியில் தீம், ஐகான், டாக், லாகின் ஸ்கிரீன் எல்லாம் மாற்றிவிட்டு, காலையில் கறுப்பு ஸ்கிரீனோடு கடை வாசலில் நிற்கிறார்கள். எதை மாற்றினாய் என்றால் "எல்லாத்தையும்" என்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய? மாற்றங்கள் பெரும்பாலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில்தான் இருக்கும். அதை முதலில் நகல் எடுத்துவிட்டால் திரும்பி வர வழி இருக்கும்.

டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக்னு மூணு இருக்கே, எதுல போடணும்?

மூன்றும் மென்பொருளை நிறுவுகிற வழிகள். ஹாட்ஸ்பாட்காரர்கள் டெப்பிலேயே இருங்கள். ஃபிளாட்பேக்கில் முதல் மென்பொருளைப் போடும்போது அதன் அடித்தளமும் சேர்ந்து பல நூறு எம்பி இறங்கும். அடுத்தடுத்தவை அதைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் முதல் நாளே உங்கள் ஒன்றரை ஜிபி காலி. புதிய பதிப்பு கட்டாயம் தேவைப்படுகிற ஒன்றிரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப் உபுண்டுவின் வழி, பழைய ஹார்ட் டிஸ்க்கில் மெதுவாகத் திறக்கும். மின்ட் 2020-லேயே அதை இயல்பாக வராதபடி தடுத்துவிட்டது.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருச்சுண்ணே. இப்ப ஆன் ஆகல.

கோப்புகள் அநேகமாகப் பத்திரமாகத்தான் இருக்கும். பாதியில் நின்ற நிறுவலை முடித்துவைக்க வேண்டும். ஆன் செய்யும்போது ரெக்கவரி மோடுக்குள் போனால், உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்ய ஒரு வரி இருக்கும். பத்தில் எட்டு அதிலேயே எழுந்துவிடும்.

எழாவிட்டால் டைம்ஷிஃப்ட். மின்ட்டில் அது கூடவே வருகிறது, ஆனால் நீங்கள் முதல் நாளே ஆன் செய்திருக்க வேண்டும். நேற்று இருந்த நிலைக்குச் சிஸ்டத்தைக் கொண்டுபோகும். உங்கள் படங்களையும் கோப்புகளையும் அது எடுத்து வைக்காது, அதற்குத் தனி நகல் வேண்டும். என் சித்தி கதையை மேலே படித்தீர்கள்தானே.

எல்லாம் பழகிட்டேன். இப்ப ஆர்ச்சுக்குப் போகலாமா?

எதற்கு என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொள்ள என்றால் தாராளமாகப் போங்கள், அதன் விக்கி அளவுக்கு நல்ல கையேடு வேறில்லை, மின்ட்டில் சிக்கல் வந்தாலும் நான் அதைத்தான் புரட்டுகிறேன். ஆனால் அது நிற்காமல் ஓடுகிற ஆறு, தனிப் பதிப்பு என்று இல்லாமல் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் செமஸ்டர் என்று அப்டேட் செய்யாமல் விட்டுவிட்டு வந்தால், மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள் காலாவதி ஆகிவிட்டன என்று முகத்தைத் திருப்பும். டேட்டாவும் தின்னும். புதிய மென்பொருளும் வேண்டும், இந்தப் பதற்றமும் வேண்டாம் என்றால் ஃபெடோரா. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம் ஆதரவு உண்டு.

பிடிக்கலைன்னா திரும்ப விண்டோஸ் போட முடியுமா? காசு குடுக்கணுமா?

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதோடு கம்பெனியிலிருந்தே வந்த லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே வகை விண்டோஸை மறுபடி போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். திரும்பிப் போகிறவர்களைப் பார்த்து நான் கோபித்துக்கொள்வதில்லை. அவர்கள் பிரின்டரை மட்டும் விசாரிப்பேன்.

கடைசியா ஒண்ணு. நீங்க என்ன வெச்சிருக்கீங்கண்ணே?

வாசல் பக்கம் இருப்பது மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. ஊரெல்லாம் சுற்றி வருகிற பென்டிரைவ்கள் முதலில் அதில்தான் ஏறும். ஷார்ட்கட் வைரஸ் எல்லாம் அங்கே வெறும் கோப்பாகப் படுத்துக் கிடக்கும், அழித்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். தமிழ் டைப்பிங்குக்கு டெபியன் 13. என் மேஜையில் ஃபெடோரா, அதை மட்டும்தான் நோண்டுவேன்.

நான்காவதில் விண்டோஸ் 10 இருக்கிறது. நெட் கேபிளை எப்போதோ பிடுங்கிவிட்டேன். அதன் பக்கத்தில் எல்பிபி 2900. வாங்கிப் பதினொரு வருடமாகிறது, அது ஒரு நாள் ஓய்ந்தால் அந்த மெஷினிலும் மின்ட் போட்டுவிடலாம் என்று காத்திருக்கிறேன். போன வாரம்தான் புது டோனர் போட்டேன்.